கூகுளா, வேறொன்றா: தேடுபொறியை மாற்றும் முன்

கூகுளை விட்டு மாறலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாறப்போகும் தேடுபொறிக்குச் சொந்தமாக இன்டெக்ஸ் இருக்கிறதா? இது தெரியாமலே செய்யப்படும் ஒப்பீடுகள்தான் அதிகம். முகப்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு வேகம், ‘உங்களைப் பின்தொடர மாட்டோம்’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதோடு சரி. வேகத்தில் இன்று யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. முகப்பு நான்கு நாளில் பழகிவிடும். விடைகள் யாருடைய கிடங்கிலிருந்து வருகின்றன என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

இன்டெக்ஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் தேடுபொறி இணையம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. க்ராலர் எனப்படும் நிரல் இரவு பகலாக லிங்க் லிங்க்காகத் தாவிப் பக்கங்களை ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது போட்டு வைத்திருக்கும் மாபெரும் பட்டியல்தான் இன்டெக்ஸ். நம் தேடல் அந்தப் பட்டியலுக்குள்தான் நடக்கிறது. அதில் ஏறாத பக்கம், தேடுகிறவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. பட்டியலில் அகப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதை மேலே காட்டுவது என்று வரிசைப்படுத்துவது அடுத்த வேலை. கூகுளுக்கு ஆரம்பத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த இரண்டாவது வேலை. லாரி பேஜும் செர்கே பிரின்னும் உருவாக்கிய பேஜ்ராங்க் முறை, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவரின் மதிப்பு என்ன என்பதை வைத்து வரிசைப்படுத்தியது. 1995-இல் வந்து கொடிகட்டிப் பறந்த ஆல்டாவிஸ்டா அதற்குப் பிறகு மெல்ல ஒதுங்கி, 2013-இல் ஒரேயடியாக மூடப்பட்டது.

இன்டெக்ஸை உருவாக்குவதைவிட அதைப் புதிதாகவே வைத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம். அதனால் உலகளவில் சொந்தமாகப் பெரிய இன்டெக்ஸ் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு. அளவில் சிறியவை என்றால் பிரேவ், மோஜீக் போன்றவை. மற்றவை பெரும்பாலும் இரவல். 2009-இல் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் போட்டபின் யாஹூ காட்டுவது பெரும்பாலும் பிங்கின் முடிவுகளைத்தான். டக்டக்கோவின் லிங்க்குகள், படங்கள் பெரும்பகுதியும் பிங்கிலிருந்தே வருகின்றன. ஸ்டார்ட்பேஜ் முக்கியமாகக் கூகுளை நம்பி இருக்கிறது. மரம் நடுவதாகச் சொல்லும் ஈகோசியாவும் பிரான்ஸின் குவான்டும் நெடுங்காலம் பிங்கையே சார்ந்திருந்தன. சொந்த ஐரோப்பிய இன்டெக்ஸுக்கான கூட்டு முயற்சியை 2024-இல்தான் அறிவித்தன.

எனவே பிங், யாஹூ, டக்டக்கோ மூன்றிலும் ஒரே கேள்வியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘மூன்று இடத்திலும் இதுதான் வருகிறது, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டுவது அபத்தம். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் அவை. 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் ஈகோசியாவும் சேர்ந்து படுத்துக்கொண்டன. சாட்ஜிபிடியின் இணையத் தேடலும் அன்று தடுமாறியது. பெயர்ப்பலகை வேறு, குழாய் ஒன்று என்பது அன்றைக்குப் பலருக்கும் தெரியவந்தது. 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் பொதுவான பிங் தேடல் ஏபிஐ சேவையையே, அதாவது மற்றவர்களின் நிரல்கள் பிங்கிடம் முடிவுகளைக் கேட்டு வாங்கும் வழியையே, நிறுத்திவிட்டது. தனி ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய கூட்டாளிகள் தப்பித்தார்கள். அதை நம்பித் தொழில் நடத்திய சின்னச் சின்னச் சேவைகள் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று.

எதை வைத்துச் சோதிப்பது

பலர் செய்யும் முதல் காரியம், ‘ஏறத்தாழ இத்தனை கோடி முடிவுகள்’ என்று வரும் எண்ணை ஒப்பிடுவது. அது வெறும் மதிப்பீடு. அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று தட்டிக்கொண்டே போனால் சில நூறு முடிவுகளோடு கதை முடிந்துவிடும். அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம்.

தேடல் முறைகளை அறிவியல்பூர்வமாக அளக்கும் வழக்கம் இணையத்தைவிடப் பழையது. 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள்தான் இன்றைய முறைக்கு அடித்தளம்: குறிப்பிட்ட ஆவணங்கள், குறிப்பிட்ட கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்ற முன்தீர்ப்பு. 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரெக் ஆய்வுத் தொடரும் இதே தடத்தில்தான் போகிறது. அளவைகளில் முக்கியமானவை இரண்டு. காட்டியவற்றில் எத்தனை உருப்படியானவை என்பது ஒன்று. உருப்படியானவற்றில் எத்தனையைக் காட்டியது என்பது மற்றொன்று. முதலாவதை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து அளந்துவிடலாம். முதல் பத்து லிங்க்கைத் திறந்து பார்த்தால் போதும். இரண்டாவதுதான் சிக்கல். தேடுபொறி காட்டாமல் விட்டது என்னவென்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வேறு இன்டெக்ஸ் வைத்திருக்கும் இன்னொரு தேடுபொறியில் அதே கேள்வியைப் போட்டால்தான் விட்டுப்போனதில் கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியும். இன்டெக்ஸ், இன்டெக்ஸ் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

கேள்விகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ‘பிங் இட் ஆன்’ என்றொரு பிரசாரம் நடத்தியது. பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கம் பிங், மறுபக்கம் கூகுள் என்று முடிவுகளைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டால், மக்கள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிங்கையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றது விளம்பரம். யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் தன் மாணவர்களோடு சேர்ந்து அதே சோதனையை நடத்திப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார். மொத்தத்தில் கூகுளுக்குத்தான் அதிக ஆதரவு. இன்னும் சுவையான விஷயம், பிங் தானே பரிந்துரைத்த தேடல்களைப் பயன்படுத்தியபோது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன; மக்கள் தாங்களாக யோசித்த தேடல்களில் கூகுள் முந்தியது. ஆகவே எந்த இணையதளத்தின் ‘டாப் 10 தேடுபொறிகள்’ பட்டியலையும் விட, உங்கள் பிரவுசரின் ஹிஸ்டரியில் கிடக்கும் தேடல்கள்தான் உங்களுக்கு நல்ல வினாத்தாள்.

அதைத் திறந்து பார்த்தால் ஒன்று தெரியும். தேடல்களில் கணிசமானவை தேடலே இல்லை. வங்கியின் பெயரைத் தட்டி வங்கியின் தளத்துக்குப் போவது, யூடியூப் என்று தட்டி யூடியூபுக்குப் போவது. 2002-இல் ஆண்ட்ரே பிராடர் என்ற ஆய்வாளர் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஓர் இடத்துக்குப் போவதற்கானவை, ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கானவை, ஒரு காரியத்தைச் செய்வதற்கானவை. முதல் வகைக்கு எந்தத் தேடுபொறியும் போதும். அதை வைத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது வகையில்தான் சாயம் வெளுக்கும்.

நான் போட்டுப் பார்ப்பவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். எப்போதோ படித்த கட்டுரையில் நினைவிருக்கும் அரை வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது ஒன்று. கணினியில் வரும் நீளமான எரர் செய்தியை அப்படியே ஒட்டித் தேடுவது இன்னொன்று. பத்து வருடத்துக்கு முந்தைய செய்தி ஒன்றை, அதன் பிறகு வந்த செய்திகள் மறைக்காமல் எடுக்க முடிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. இவற்றில் மதிப்பெண் போடுவது எளிது: கிடைத்தது, கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பொய்க் கேள்வி. ‘ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆனது எந்த வருடம்?’ என்று தட்டிப் பாருங்கள். ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆகவே இல்லை. சிறுவயதிலிருந்தே அதில் கெட்டிக்காரர். நல்ல தேடுபொறி இந்தக் கட்டுக்கதையை மறுக்கும் பக்கத்தை மேலே கொண்டுவர வேண்டும். மோசமானது, கேள்வியில் இருக்கும் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு, தன்னம்பிக்கைக் கட்டுரை ஒன்றிலிருந்து ஏதாவது வருடத்தைக் கொண்டுவந்து நீட்டும். இதே கேள்வியை ‘ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆனாரா?’ என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் வரும் முடிவுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றால், அந்தத் தேடுபொறி நாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் ரகம்.

சோதிக்கும்போது நம் கண்ணையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். 2007-இல் வெளியான ஒரு ஆய்வில், மாணவர்களுக்குத் தெரியாமல் கூகுள் முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டி, அவர்களுடைய பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். பொருத்தம் குறைந்ததாக இருந்தும் மேலே இருந்ததையே அவர்கள் அதிகம் தட்டினார்கள். முதல் முடிவு நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதற்கு அது முதலில் இருப்பதே காரணமாகிவிடலாம். ஆகவே ஐந்தாவது, எட்டாவது லிங்க்குகளையும் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கூகுள்: பலமும் பலவீனமும்

கூகுளைத் திட்டுவது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஆனாலும் அரிதான தேடல்களில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு நாளும் தனக்கு வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை யாரும் தேடியே இராதவை என்று அந்நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. யாரும் கேட்டிராத கேள்விக்கும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் பக்கத்தை எடுத்துத் தர அகலமான இன்டெக்ஸ் வேண்டும். எழுத்துப் பிழையோடு தட்டினாலும் புரிந்துகொள்வது, சற்றுமுன் நடந்ததை உடனே காட்டுவது, மேப்போடு சேர்ந்து பக்கத்தில் இருப்பதைச் சொல்வது ஆகியவற்றிலும் மற்றவை பின்தங்கியே நிற்கின்றன.

பலவீனங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, அந்த அகலமான இன்டெக்ஸை நம்மிடமிருந்து மறைப்பதற்கு என்றே பக்கத்தின் மேல்பகுதி நிரம்பி வழிகிறது. விளம்பரங்கள், அதன் கீழ் ஷாப்பிங் படங்கள், ‘மக்கள் இதையும் கேட்கிறார்கள்’ பெட்டி, 2024 மே மாதத்திலிருந்து ஏ.ஐ. சுருக்கம் வேறு. பொருள் வாங்கும் தேடலாக இருந்தால், மொபைல் திரையில் விளம்பரமில்லாத முதல் லிங்க்கைப் பார்க்க விரலால் நன்றாகத் தள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்தவர்களே பேஜும் பிரின்னும்தான். 1998-இல் வெளியான தங்கள் ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நாம் தட்டியதை அது மதிப்பதில்லை. நான்கு சொல் தட்டினால் அதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டு மீதி மூன்றுக்குப் பொருந்தும் பக்கங்களைக் காட்டும். லிங்க்கின் கீழே சின்ன எழுத்தில் பார்த்தால், விடுபட்ட சொல் என்று ஒன்றை அடித்துக் காட்டியிருக்கும். பெரும்பாலும் நாம் தேடியதே அந்தச் சொல்லைத்தான். ஒரு காலத்தில் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மேற்கோள் குறி போட வேண்டும், அல்லது கருவிகள் பட்டியலுக்குள் போய்ச் சொல்லுக்குச் சொல் பொருத்தும் ‘வெர்பேட்டிம்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.ஐ. சுருக்கமும் பெட்டிகளும் வேண்டாம் என்பவர்களுக்கு ‘வெப்’ என்றொரு வடிகட்டி இருக்கிறது. வெறும் லிங்க்குகளை மட்டும் காட்டும். நல்ல வசதி. கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய பிரதியைக் காட்டும் ‘கேஷ்’ லிங்க்கை 2024-இல் நீக்கியதும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு நஷ்டம்.

மூன்றாவது, ‘எது வாங்கலாம்’ என்ற கேள்விகள். ஜெர்மனியின் லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,392 பொருள் விமர்சனத் தேடல்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்கள் சராசரியைவிட அதிகமாக எஸ்.இ.ஓ. (தேடலில் மேலே வருவதற்கென்றே செய்யும் வேலைகள்) செய்யப்பட்டவையாகவும், கமிஷன் லிங்க்குகள் நிறைந்தவையாகவும், எழுத்துத் தரம் குறைந்தவையாகவும் இருந்தன. கூகுளுக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. பிங்கிலும் டக்டக்கோவிலும் அதே நிலைதான். கூகுளின் முடிவுகளை அவர்கள் ஸ்டார்ட்பேஜ் வழியாகத்தான் சேகரித்தார்கள் என்பது இன்டெக்ஸ் இரவலுக்கு இன்னொரு சாட்சி. இந்த வகைக் கேள்விக்காக மட்டும் கூகுளிலிருந்து பிங்குக்கு ஓடுவதில் பயனில்லை.

இவ்வளவு குறை இருந்தும் உலகத் தேடல்களில் பத்தில் ஒன்பது ஏன் இன்னும் கூகுளிடம் இருக்கிறது? தரம் ஒரு காரணம். பிரவுசரிலும் போனிலும் டீஃபால்ட்டாக, அதாவது நாம் மாற்றாதவரை தானாகவே வரும் தேடுபொறியாக, உட்கார்ந்திருப்பது மற்றொரு காரணம். அந்த இருக்கைக்காக 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் வந்த அடுத்த உத்தரவில் குரோமை விற்கச் சொல்லவில்லை. பிரத்யேக ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார், இன்டெக்ஸ் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தரச் சொன்னார். இப்போதுள்ள டீஃபால்ட்டை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. காசு கொடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

மாற்று என்று சொல்லப்படுபவை

பிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொந்த இன்டெக்ஸ் உள்ள இரண்டாவது பெரிய தேடுபொறி, படத் தேடலும் வீடியோத் தேடலும் நன்றாக இருக்கும், ஆங்கிலத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் கூகுளின் நெரிசல் பிடிக்காமல் வெளியேறுகிறவர் இங்கே வந்தால் அதைவிட நெரிசலான பக்கத்தைப் பார்ப்பார்.

டக்டக்கோ அந்த பிங்கையே சுத்தமான பக்கத்தில் தருகிறது. தேடல் வரலாற்றைச் சேமிப்பதில்லை. விளம்பரம் உண்டு, ஆனால் அது அந்த நேரத்துத் தேடலுக்கு மட்டும் ஒட்டியது. 2022-இல் அதன் மொபைல் பிரவுசர், மைக்ரோசாஃப்டின் ட்ராக்கர்கள் (தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் நிரல்கள்) சிலவற்றைத் தடுக்காமல் விட்டது வெளிவந்து சலசலப்பானது. அது பிரவுசர் தொடர்பான விவகாரம், தேடல் தொடர்பானது இல்லை. சில மாதங்களில் தடுப்பை விரிவாக்கினார்கள். டக்டக்கோவை நான் சிபாரிசு செய்வதற்குத் தனியுரிமையைவிடப் பெரிய காரணம் அதன் ‘பேங்’ குறுக்குவழிகள். தேடல் சொல்லோடு ஆச்சரியக்குறியும் ஓர் எழுத்தும் சேர்த்தால் நேராகக் கூகுளுக்கோ விக்கிபீடியாவுக்கோ போய்விடும். முதல் முயற்சியில் சரியாக வரவில்லையா, இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அடுத்த கதவு. ஒரே தேடுபொறியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ஸ்டார்ட்பேஜ், நெதர்லாந்திலிருந்து இயங்குவது. நம் அடையாளத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு கேள்வியை மட்டும் கூகுளிடம் அனுப்புகிறது. கூகுளின் விடை வேண்டும், கூகுளுக்கு நான் யாரென்று தெரியக் கூடாது என்பவருக்குச் சரியான இடம். பிறர் தயவில் ஓடும் வண்டி என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பிரேவ் சர்ச் எனக்குச் சுவாரசியமானது. கிளிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் தேடுபொறி கட்டியவர்களின் டெயில்கேட் திட்டத்தை 2021-இல் வாங்கி, அதே வருடம் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு சிறு பகுதிக்கு பிங்கை நாடியது. 2023-இல் அதையும் விட்டுவிட்டுத் தன் காலில் நிற்கிறது. ‘காகிள்ஸ்’ என்ற வசதியால் வரிசைப்படுத்தும் விதிகளை நாமே எழுதலாம், எஸ்.இ.ஓ. குப்பைத் தளங்களைக் கீழே தள்ளலாம், தனிநபர் வலைப்பதிவுகளை மேலே ஏற்றலாம். ஆங்கிலத் தொழில்நுட்பத் தேடல்களுக்கு இது தாராளமாகப் போதும். இன்டெக்ஸ் சிறியதாக இருப்பதன் விளைவு, அதிகம் பேர் போகாத பழைய பக்கங்களில் தெரியும்.

மோஜீக் இங்கிலாந்தில் 2004-லிருந்து சொந்த க்ராலரோடு நடப்பது. சொல்லுக்குச் சொல் பொருத்துவதில்தான் அதன் பலம். உட்பொருளைப் புரிந்துகொள்வதில் பின்தங்கும். நாள் முழுக்க இதை மட்டும் வைத்து ஓட்டுவது கஷ்டம். ஆனால் மற்றவை எல்லாம் ஒரே பத்துத் தளங்களைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, இங்கே கேள்விப்படாத பக்கம் ஒன்று கிடைக்கும்.

காகி சந்தா கட்டிப் பயன்படுத்துவது, 2022-இல் வந்தது. விளம்பரமே இல்லை. ஒரு தளத்தை இனி என் கண்ணில் காட்டாதே என்று ஒரே தட்டில் ஒதுக்கிவிடலாம், நம்பகமான தளத்தை எப்போதும் மேலே வரச் செய்யலாம். பொருள் விமர்சனத் தேடல்களின் நோய்க்கு ஓரளவாவது மருந்து இங்கேதான் இருக்கிறது. காசு வாங்குவது நம்மிடம் என்பதால் விசுவாசமும் நம்மிடம். மறுபக்கம், பல இடங்களிலிருந்து வாங்கிக் கலக்கும் தேடுபொறி அது; சொந்த இன்டெக்ஸ் சிறியதுதான். லாகின் செய்து தேட வேண்டும் என்பது தனியுரிமை பார்ப்பவர்களை உறுத்தியது. யார் தேடுகிறார்கள் என்று தனக்கே தெரியாமல் இருக்க ‘பிரைவசி பாஸ்’ என்றொரு முறையை 2025-இல் சேர்த்தார்கள். தேடுவதே தொழிலாக இருப்பவர்களுக்குச் சந்தா செலவு தகும். எப்போதாவது தேடுகிறவருக்கு வீண்.

ஏ.ஐ. பதில்கள்

2023 பிப்ரவரியில் பிங்கில் சாட் வந்ததிலிருந்து, லிங்க்குக்குப் பதில் பத்தியாகவே விடை தரும் பழக்கம் பரவியது. பெர்ப்ளெக்ஸிட்டி அதற்குச் சற்று முன்னமே களத்தில் இருந்தது. சாட்ஜிபிடி தேடல் 2024 அக்டோபரில் வந்தது. இவற்றின் உண்மையான பலம், எந்தச் சொல்லைத் தட்டுவதென்றே தெரியாதபோது. ‘கதவு மூடினால் தானாக மெதுவாகச் சாத்திக்கொள்ளும் அந்தச் சாதனத்துக்கு என்ன பெயர்’ என்று நீட்டி முழக்கிக் கேட்கலாம், பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயரோடு சாதாரணத் தேடலுக்குப் போவது புத்திசாலித்தனம்.

பலவீனம் மேற்கோள் காட்டுவதில். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையம் 2025 மார்ச்சில் எட்டு ஏ.ஐ. தேடல் கருவிகளைச் சோதித்தது. செய்திக் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, இது எந்தக் கட்டுரை, யார் வெளியிட்டது, எந்தத் தேதி, லிங்க் எது என்று கேட்டார்கள். 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குத் தவறான விடை, அதுவும் தயக்கமில்லாத தொனியில். பழைய தேடுபொறி தெரியாவிட்டால் சம்பந்தமில்லாத பத்து லிங்க்கைக் காட்டும். பார்த்த உடனே நமக்குத் தெரிந்துவிடும். இங்கே தவறும் சரியும் ஒரே அழகான நடையில் வருகின்றன. சோதிப்பதற்கு ஒரே வழி, அடிக்குறிப்பாகக் கொடுத்த லிங்க்கைத் திறந்து, அந்த வாக்கியத்தின் செய்தி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று தேடுவது. லிங்க் இருக்கும், பக்கமும் இருக்கும், சொன்ன செய்தி மட்டும் அதில் இருக்காது. இது அடிக்கடி நடக்கிறது.

தமிழில் தேடும்போது

மேலே சொன்ன வரிசையெல்லாம் ஆங்கிலத்துக்கு. தமிழில் தேடினால் கணக்கு மாறும். ‘மரம்’ என்று தேடுகிறோம். பக்கத்தில் ‘மரத்தை’, ‘மரங்களில்’, ‘மரத்தடியில்’ என்று இருக்கும். சொல்லை உடைத்து வேரைப் பிடிக்கத் தெரியாத தேடுபொறி அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடும். இது போதாதென்று கூகுள், கூகிள் என்று ஒரே பெயருக்கு இரண்டு மூன்று எழுத்துமுறைகள். இதைச் சமாளிப்பதில் கூகுள் மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. சிறிய இன்டெக்ஸ்களில் தமிழ்ப் பக்கங்களே குறைவு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய பி.டி.எஃப். கோப்புகளைத் தேடுபொறிகளால் பெரும்பாலும் சரியாகப் படிக்க முடியாது. உள்ளே அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும். தமிழில் ஒன்று கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று முடிவுகட்டும் முன் வேற்றுமை உருபை மாற்றியும் எழுத்துமுறையை மாற்றியும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

தனியுரிமை எவ்வளவு

‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது’ என்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தது. சில நாட்களிலேயே, தேடல்களை மட்டும் வைத்து ஒரு எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள் பத்திரிகையாளர்கள். நம் தேடல்கள் சேர்ந்தால் நம் முகம் வந்துவிடும்.

அதற்காக, பின்தொடராத தேடுபொறிக்கு மாறியதும் கண்ணுக்குத் தெரியாத மனிதராகிவிட்டதாக நினைக்க வேண்டாம். லிங்க்கைத் தட்டி அடுத்த தளத்துக்குப் போன நொடியே அங்குள்ள ட்ராக்கர்கள் வேலையைத் தொடங்கிவிடும். பிரவுசரின் இன்காக்னிடோ ஜன்னலும் உங்கள் கணினியில் ஹிஸ்டரி பதியாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே; ஐபி முகவரி எதிர்முனைக்குத் தெரியத்தான் செய்யும்.

யாருக்கு எது

தேடல்களில் பாதிக்கு மேல் தமிழிலும், அன்றாடச் செய்தியிலும், அக்கம்பக்கத்து இடங்களிலும் என்றால் கூகுளிலேயே இருங்கள். மாறுவதால் வரும் எரிச்சல் லாபத்தைவிடப் பெரிது. ‘வெப்’ வடிகட்டியைப் பழகிக்கொள்ளுங்கள், கணக்கில் தேடல் வரலாறு சேமிப்பதை நிறுத்திவிடுங்கள்.

ஆங்கிலத்தில் படிப்பது, நிரல் எழுதுவது, எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பது உங்கள் வேலை என்றால் பிரேவை டீஃபால்ட் ஆக்குங்கள்; சந்தா கட்ட மனம் இருந்தால் காகி அதைவிட நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு டக்டக்கோ பொருத்தம், பேங் குறுக்குவழிகளைப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் விளம்பரப் பெட்டிகள் குறைந்த பிங்கில் இருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாவதாக ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு இன்டெக்ஸாக இருக்கட்டும். கூகுளுக்குத் துணையாக ஸ்டார்ட்பேஜையோ, பிங்குக்குத் துணையாக டக்டக்கோவையோ வைப்பது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்பது. கூகுளும் பிரேவும், அல்லது டக்டக்கோவும் மோஜீக்கும் என்று ஜோடி சேருங்கள். உடம்பு, பணம், சட்டம் தொடர்பான கேள்வியாக இருந்தால் இரண்டிலும் தட்டி, மேலே வரும் ஏ.ஐ. பெட்டியைத் தாண்டிப் போய், யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரிகிற பக்கங்களை மட்டும் திறங்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் ‘தேடுபொறி’ என்ற பகுதிக்குப் போனால் டீஃபால்ட்டை மாற்றவும், இரண்டாவதற்கு ஒரு குறுஞ்சொல் வைக்கவும் இடம் இருக்கும். முகவரிப் பட்டையில் அந்தக் குறுஞ்சொல்லைத் தட்டிவிட்டுத் தேடினால், டீஃபால்ட்டைத் தொடாமலே அடுத்ததில் தேடலாம்.